பழசும் வரல, புதுசும் வரல

பிப்ரவரி 9

தங்கைக்கு,

பார்சலில் வருவது பொடிசின் ஸாஃப்ட்பால் பேட். நீ உன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனை எடுத்தால் ‘சாப்பிட்டியா’வுக்கு அடுத்த வார்த்தையே சண்டையாகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

தேர்வு அறையில் கண்காணிப்புக்கு உட்கார்ந்திருக்கிறேன். விளையாட்டு டீச்சருக்கு வேறு என்ன வேலை என்று எல்லா அறைக்கும் என்னைத்தான் போடுகிறார்கள்.

நீ வந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பார்த்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் மகள் ஒரு மணி நேரமாக, ரப்பர்த் தண்டின் மேல் அசையாமல் வைத்த பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். பாதி தடவை பந்துக்குப் பதில் தண்டை அடித்தாள். நான் கத்தினேன். அவள் அழுதாள். உன் கண்ணில் பட்டது அவ்வளவுதான். அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாய். போட்டி முடியும்வரை பொறு என்றதற்கு, “போதும்க்கா” என்றாய்.

அவள் பந்தை வெறும் கையால் அடிக்கிறவள். பேட்டைப் பிடித்திருக்கிறாளே என்று கேட்காதே. இடுப்பு தூங்கும், கை மட்டும் வேலை செய்யும் என்கிறேன். பந்து வந்து சேரும் முன்பே, அது போய் விழப்போகும் இடத்தைப் பார்க்கத் தலை திரும்பிவிடும். பின்தோள் சரிந்து, பேட் கீழேயிருந்து மேலே வாரும். சென்ற வருஷம் எதிரணிப் பிள்ளைகள் மெதுவாகப் போட்டார்கள், அதனால் பலித்தது. இந்த வருஷம் எல்லோருக்கும் கை வளர்ந்துவிட்டது. பலிக்கவில்லை.

அதனால் அந்த வீச்சைக் கழற்றிப்போட்டு வேறு மாட்ட வேண்டியிருந்தது. கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் கொஞ்ச காலம் இருக்கிறது. அப்போது எந்தப் பிள்ளையும் முன்பைவிட மோசமாகத்தான் அடிக்கும். நீ வந்தது சரியாக அந்த நேரத்தில். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது விருந்தாளி வந்த கதை.

அவள் உன் மகள். நீ கூட்டிக்கொண்டு போனாய். அதில் நான் பேச ஒன்றுமில்லை. பேட்டை ஈரத்தில் வைக்காதீர்கள்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

பேட் வந்தது. பொடிசு பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நீ எவ்வளவு நன்றாக எழுதுகிறாய். இடுப்பு, தோள், தலை. ஒரு கடிதம் முழுக்க என் பிள்ளையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாய். அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கவில்லை.

நான் அவளை ஸாஃப்ட்பாலுக்காகக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நீ கத்தினாய் என்றும் இல்லை. நம் வீட்டில் கத்தாதவர் யார்? அன்றைக்கு உள்ளங்கைத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது அவளுக்கு. அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டி ஓடி உன்னிடம் கையைக் காட்டினாள். நீயும் அவளைத் திட்டிக்கொண்டே ஊதிவிட்டாய். நான் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தேன்.

அவர் போன பிறகு பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு இந்தச் சலவைக் கூடத்துக்கு வேலைக்கு வந்தேன். கொஞ்ச நாள்தான் என்று சொன்னேன். கொஞ்ச நாள் எப்போது கொஞ்ச நாளாக இல்லாமல் போனது என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குப் பொடிசு என்று பெயர் வைத்தது நான். இப்போது அவள் என் தோளுக்கு மேலே நிற்கிறாள். வளர்ந்ததைப் பார்த்தது நீ.

இதெல்லாம் உனக்குப் புரியாது, உனக்குப் பிள்ளை இல்லை என்று எழுத வந்தேன். எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன் பார். பேனாவால் அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய், அதனால் அடிக்கவில்லை.

இங்கே அவள் பள்ளியில் ஸாஃப்ட்பால் கிடையாது. நல்லதுதான். படிக்கட்டும். அறிவுரை எதுவும் அனுப்பாதே. விடிய விடிய ஓட்டல் விரிப்புகளை மிஷினில் போட்டு எடுத்துவிட்டு வந்து படிக்க எனக்குத் தெம்பில்லை.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

அறிவுரை அனுப்பவில்லை. செய்தி மட்டும்.

அரையிறுதியில் தோற்றோம். பொடிசு இருந்திருந்தாலும் தோற்றிருப்போம். அவர்களுடைய பிட்சர் போட்ட பந்தை எங்கள் பிள்ளைகள் பார்ப்பதற்குள் அது கேட்சரின் கையில் இருந்தது. இதை அவளிடம் சொல். தான் இல்லாததால் தோற்றது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படி நினைக்கக்கூடியவள்தான்.

என் வலது தோள் மேலே போகவில்லை. டாக்டர், “பந்து போடுறத கொஞ்ச நாள் நிறுத்துங்க டீச்சர்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு இடது கையால் போடுகிறேன். பந்து பிள்ளைகளைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறது.

நீ எழுதிய அந்த வரியைப் படித்தேன். வெளிச்சத்தில் பிடிக்கத் தேவைப்படவில்லை. அன்று மாலை சமைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் எப்படி இருக்கிறாள்?

அக்கா


மார்ச் 23

அக்கா,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், தூங்கிவிடுவேன். அந்த வரிக்காக என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. தினமும் மிஷின் முன்னால் நின்று யோசிக்கிறேன். அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, நானும்.

கேட்டாயே, சொல்கிறேன். பொடிசு சாப்பிடுகிறாள். பள்ளிக்குப் போகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வீட்டில் ஒரு நல்ல விருந்தாளி இருக்கிறாள் என்று வைத்துக்கொள். “அம்மா நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்” என்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லும் பேச்சா அது?

போன வாரம் தூக்கத்தில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டு எழுந்தேன். டியூப்லைட். பொடிசு பீரோக் கண்ணாடி முன்னால் பேட்டோடு நிற்கிறாள், காலைச் சுற்றிலும் கண்ணாடித் தூள். “அசையாத, அசையாத” என்று சொல்லிக்கொண்டே பெருக்கினேன். பெருக்கி முடித்த பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டப்போகிறேன் என்று நினைத்தாள். எனக்குத் திட்டத் தெம்பில்லை. கட்டிலில் உட்கார்ந்து, “என்னடி செஞ்சிட்டிருந்த?” என்று கேட்டேன்.

“தினமும் செய்யறதுதான்.”

“தினமுமா?”

“நீ தூங்கும்போது.”

“சரி, அடிச்சுக் காட்டு.”

பேட்டைத் தூக்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி நின்றது. யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி. அப்புறம் சொன்னாள்: “நடுவுல மாட்டிக்கிட்டேன்மா. பழசும் வரல, புதுசும் வரல.”

நீ எழுதியதை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை அக்கா. அவளாகவே சொன்னாள்.

நான் அவளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுவந்ததாக நினைத்தேன். இல்லை, நடுவில் எங்கேயோ இறக்கிவிட்டிருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது எனக்குச் சுலபமில்லை. கேட்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்? எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பந்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பதிலிருந்து எழுது.

தங்கை


மார்ச் 28

தங்கைக்கு,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள். தோள்.

மைதானம் வேண்டாம், கொல்லைப்புறம் போதும். ஒரு கொடி கட்டி, தடிமனான பழைய விரிப்பைத் தொங்கவிடு. சலவைக் கூடத்தில் விரிப்புக்கா பஞ்சம்?

முதலில் பந்தே வேண்டாம். விரிப்புக்கு முன்னால் நிற்கச் சொல். பேட்டின் பிடியைத் தொப்புளில் வைத்தால் நுனி விரிப்பைத் தொட வேண்டும். அவ்வளவுதான் தூரம். அங்கே நின்றபடி, பேட் விரிப்பில் படாமல் வீச வேண்டும். கையை நீட்டி வாரினால் துணியில் மாட்டிக்கொள்ளும். கை உடம்போடு ஒட்டி வந்து, இடுப்பு முதலில் திரும்பினால்தான் தப்பும். நீ ஒன்றும் சொல்லாதே. தப்பு என்று துணியே சொல்லிவிடும். துணி சொன்னால் அவளுக்குக் கோபம் வராது.

அது பழகியதும் அசையாத பந்து. வாளியில் மண் போட்டு ஒரு குழாயை நட்டு, மேலே ரப்பர் குழாய் செருகு. பந்து அதில் உட்காரும். வயிற்றுக்கு நேரே வைக்காதே. முன்காலுக்கு நேரே வை. பந்தைச் சந்திக்க வேண்டிய இடம் அதுதான். அடித்த பிறகும் தலை குனிந்தே இருக்க வேண்டும், பந்து இருந்த காலி இடத்தைப் பார்த்தபடி. இது அவளுக்குக் கஷ்டம். எங்கே போய் விழுந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது அவளால். விரிப்பில்தான் போய் அடிக்கிறது என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதற்குத்தான் விரிப்பு.

மூன்றாவது, நீ பந்து போடுவது. அவளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் தள்ளி மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் முன்காலுக்கு நேரே இடுப்பு உயரத்துக்கு மெல்லத் தூக்கிப் போடு. வலை இல்லாமல் எதிரே நிற்காதே. இதைக் கோடு போட்டுப் படி.

குறைவாகச் செய்யுங்கள். இன்னும் கொஞ்சம் என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடு. என்னால் அது முடிந்ததில்லை. எனக்குப் பதினெட்டுப் பிள்ளைகள், மணி அடித்தால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். உனக்கு ஒருத்திதான்.

நன்றாக அடித்தால் ‘நல்லா அடிச்ச’ என்று சொல்லாதே. ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேள். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுத வேண்டாம். அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

முதலில், நீ கோடு போடச் சொன்ன வரிக்கு நான் கோடு போடவில்லை. எதிரே நின்றேன். பந்து பட்டு முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர், “யார் அடிச்சது?” என்று கவலையாகக் கேட்டார். “என் பொண்ணு” என்றேன்.

சலவைக் கூடத்துக்குப் பின்னால், வண்டி நிற்கும் முற்றத்தில் செய்கிறோம். காலையில் நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பொடிசு பள்ளிச் சீருடையில் பேட்டோடு வந்துவிடுவாள். விரிப்பு மடிப்பவள் ஒருத்தி தன் இரண்டு பெண்களையும் கூட்டிவந்தாள். அவர்களுக்குப் பேட்டும் தெரியாது, பந்தும் தெரியாது. பொடிசு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். உன் குரலிலேயே சொல்கிறாள். “தல எங்க போகுது? பந்து இங்கதான இருக்கு?” என்று. நான் திரும்பிப் பார்த்தேன், நீதான் வந்துவிட்டாயோ என்று.

விரிப்பு வேலை செய்தது. முதல் நாள் ஒவ்வொரு வீச்சுக்கும் பேட் துணியில் சிக்கியது. அழவில்லை. துணியைத்தான் முறைத்தாள். ஒரு நாள் இடுப்பு திரும்பவே மாட்டேன் என்றது. அங்கே ஈரத் துவாலை மூட்டை கிடந்தது. அதைப் பக்கவாட்டில் திரும்பித் தூக்கி வண்டியில் எறியச் சொன்னேன். கையால் மட்டும் எறிய முடியாது அதை, நானும் முயன்று தோற்றவள்தான். பத்து மூட்டை எறிந்தாள். எனக்கும் வேலை மிச்சம். இது சரியா தப்பா என்று எழுது.

எனக்குத்தான் முடியவில்லை அக்கா. மண்டி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே கண் சொருகுகிறது. நேற்று பந்தைப் போடாமல் வெறும் கையைத் தூக்கியிருக்கிறேன். பொடிசு பேட்டைத் தோளில் வைத்தபடி காத்திருந்தாள்.

இன்னொன்று. நகராட்சி மைதானத்தில் ஒரு பெண்கள் அணி இருக்கிறதாம், கூட வேலை செய்பவள் சொன்னாள். கூட்டிப்போனேன். அங்கேயிருந்த கோச் அம்மா பொடிசு வீசுவதைப் பார்த்துவிட்டு, “உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?” என்று கேட்டார். பொடிசு என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “எங்க வீட்ல” என்றாள்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டாள். எழுதும்போது ‘எங்கள்’ என்று வந்துவிட்டது. ‘நம்’ என்று படித்துக்கொள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை முதல் ஆட்டம்.

தங்கை


ஏப்ரல் 21

தங்கைக்கு,

ஈரத் துவாலை சரிதான். இங்கே நாங்கள் கனமான ரப்பர்ப் பந்தை எறியச் சொல்வோம். அதே வேலை. முழங்காலுக்கு ஐஸ் வை. அசடே.

ஆட்டத்தன்று அவளிடம் எதையும் நினைவுபடுத்தாதே. தலை, இடுப்பு, எதுவும். சொல்ல வேண்டியதெல்லாம் துணி சொல்லிவிட்டது. தண்ணீர் பாட்டில் மட்டும் கொடு.

எனக்கு அன்று வேறொரு தேர்வு அறை. முடிவை உடனே எழுத வேண்டாம். சாவகாசமாக எழுது. இப்படி எழுதுகிறேனே தவிர, தபால்காரரை வாசலில் நின்று பார்க்கப்போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

வேலை முடிந்து நேராக மைதானத்துக்குப் போனேன். சீருடைகூட மாற்றவில்லை. பொடிசு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தாள், கையைக் காட்டினேன். பாட்டிலைக் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரி வாயைத் திறக்கவில்லை. “அம்மா, நீ போய் உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன்.

முதல் முறை ஆட வந்தாள். மூன்று வீச்சும் காற்றில். ஆனால் எதுவும் பாதியில் நிற்கவில்லை அக்கா, மூன்றும் முழு வீச்சு. தலை குனிந்தே இருந்தது. திரும்பிப் போகும்போது அழவில்லை, கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். சரி, அடுத்த முறை என்று நினைத்தேன். பெஞ்சில் வெயில் இதமாக இருந்தது. சாய்ந்துகொள்ளலாம் என்று பின்னால் இருந்த கம்பியில் தலையை வைத்தேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் பொடிசு. முட்டியிலிருந்து கழுத்து வரை மண். மைதானத்தில் யாரும் இல்லை, ஒருவர் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த விரிப்பு மடிப்பவள் பிறகு சொல்லித்தான் தெரியும். இரண்டாவது முறை வந்தபோது பந்து பிட்சரின் தலைக்கு மேல் நேராகப் போனதாம், மேலேயும் ஏறாமல் கீழேயும் விழாமல். முன்பே தளங்களில் நின்ற இரண்டு பெண்கள் ஓடிவந்து ரன் எடுத்தார்களாம். இவளும் இரண்டாவது தளம் வரை ஓடிச் சறுக்கினாளாம். எல்லோரும் கத்தினார்களாம். அவ்வளவு கூச்சலிலும் நான் எழவில்லை. விரிப்பு மடிப்பவள் என்னை எழுப்பப் போனாளாம். பொடிசு மைதானத்திலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினாளாம்.

நான் பார்க்க வேண்டும் என்றுதானே அக்கா அவளை உன்னிடமிருந்து கூட்டிவந்தேன்? வேறு எதற்குக் கூட்டிவந்தேன்? அந்த ஒன்றைப் பார்க்காமல் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். அவள் சொல்லும் பதிலை உனக்கு எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. பதில் சொன்னாள், வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். இங்கே வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசியதில்லை.

அப்புறம் அவள் தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, அலுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தங்கை


ஏப்ரல் 29

தங்கைக்கு,

தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே படித்தேன். அடுத்த வீட்டுக்காரர், “ஏதாவது கெட்ட செய்தியா டீச்சர்?” என்று கேட்டார். “இல்லைங்க, தங்கச்சி தூங்கிட்டா” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நேராகப் போனது, மேலேயும் ஏறவில்லை, கீழேயும் விழவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அதைப் பார்க்காதவர்கள் நாம் இரண்டு பேர். எனக்கும் உனக்கும் இதில் வித்தியாசம் இல்லை. அவள் உன்னை எழுப்ப வேண்டாம் என்று கையை ஆட்டியதை மட்டும் நான் நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது.

இன்றோடு கடைசித் தேர்வு முடிந்தது. விடுமுறை. லீவு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் விடுமுறையில் என்ன செய்தேன் என்று யோசித்தேன். மைதானத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு பஸ். அவளைத் திரும்பக் கூட்டிவர அல்ல. அப்படி நினைத்து ராத்திரியெல்லாம் புரளாதே. அவள் இருக்கும் வீடு அதுதான். நான் மண்டி போட்டு இடது கையால் பந்து போடுகிறேன். பக்கவாட்டுப் பந்துக்கு அது போதும். நீ அந்த நேரத்தில் படுத்துக்கொள்.

காலையில் நான் வந்து சேரும்போது நீ வேலை முடிந்து அப்போதுதான் கண் அசந்திருப்பாய். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை. உன்னை எழுப்ப மாட்டேன்.

அக்கா